சிவப்பு எண்

மலேசியாவில், காப்பார் ஊர்த் தொழிற்சாலை ஒன்றில் ஜெயராஜ் பதினாறு வருஷம் சோபா தைத்தான். தைத்த சோபாவில் ஒன்றுகூட உள்ளூர் வீட்டுக்குப் போனதில்லை. எல்லாம் கன்டெய்னரில் ஏறி அமெரிக்காவுக்குப் போய்விடும். "அங்க ஒருத்தன் கார்டைத் தேய்ச்சாதான்லா இங்க நமக்கு ஓ.டி." என்பார் சூப்பர்வைசர் ரெங்கசாமி. அந்த ஓவர்டைம் காசை நம்பித்தான் ஜெயராஜ் ஒன்பது வருஷக் கடனில் புதுக் கார் எடுத்தான். முகம் தெரியாத எவனோ வாங்கிய கடனின் மேல் இவன் தன் கடனைக் கட்டி எழுப்பினான். கட்டும்போது நன்றாகத்தான் இருந்தது.

அமெரிக்காவுக்கு ஒருநாள் திடீரென்று உறைத்தது, வெளியிலிருந்து வாங்குவது மலையளவு, வெளியே விற்பது கொஞ்சம் என்று. இறக்குமதி வரியை ஏற்றி வைத்தார்கள். அங்கே இருந்தவர்களுக்கும் கார்டைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துவிட்டது. ஆர்டர் நின்றது. இரண்டே மாதத்தில் தொழிற்சாலையைப் பூட்டினார்கள். கணக்குத் தீர்த்துக் கொடுத்த பணம் வாடகையில் கரைந்தது. மிச்சம் கார்தான், அதுவும் வங்கியுடையது.

அந்தக் காரை வைத்தே ஒரு வேலை கிடைத்தது. தவணை கட்டாதவர்களின் கார்களைத் தேடிக் கண்டுபிடிக்கிற வேலை. தனேஷ் என்ற ஏஜென்ட் அவன் போனில் ஓர் ஆப் போட்டுக் கொடுத்தான். நிற்கிற கார்களின் எண்ணை அதில் தட்ட வேண்டும். பச்சை வந்தால் விட்டுவிடலாம், சிவப்பு வந்தால் தனேஷுக்கு அனுப்ப வேண்டும். அவன் ஆட்கள் காரை இழுத்துக்கொண்டு போனதும் இருநூறு வெள்ளி, அதாவது ரிங்கிட், கூலி வரும். செலாயாங் பாசார் சந்தையிலும் செராஸ் அடுக்குமாடிகளிலும் ஜெயராஜ் சுற்றினான். பளபளவென்று நிற்கிற கார்தான் பெரும்பாலும் சிவப்பு காட்டியது. ஊரே இரவல் சட்டையில் மினுக்கிக்கொண்டு திரிகிறது என்று அவனுக்குத் தோன்றியது. அவன் மட்டும் என்ன யோக்கியம்? அவனுக்கே இரண்டு மாதம் பாக்கி. மூன்றாவது மாதமும் தவறினால் அவன் எண்ணும் சிவப்பாகிவிடும். கார் போனால் இந்த வேலையும் போகும். வெள்ளிக்கிழமை கெடு, கையில் இருநூறு வெள்ளி குறைந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம், புதன்கிழமை மதியம், கிள்ளானில் தங்கை உஷாராணி சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். அவன் செய்கிற புது வேலை அவளுக்குத் தெரியாது. அவள் கணவர் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். ஏற்றுமதி குறைந்ததில் அவருக்கும் நடை பாதியாகிவிட்டது. ஆனால் வீட்டைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். சுவர் அகலத்துக்கு டிவி, வாசலில் பெரிய கார். ஜெயராஜ் செருப்பைக் கழற்றியபடியே பழக்கதோஷத்தில் அந்த எண்ணைத் தட்டினான்.

சிவப்பு.

மறுபடி தட்டினான், அதே சிவப்பு. "வாண்ணே, ஏன் வெயில்ல நிக்கிற?" என்று உள்ளேயிருந்து உஷா கூப்பிட்டாள். ஆட்டிறைச்சி வைத்திருந்தாள். டிவியில் யாரோ கோட்டுப் போட்டவர், மக்கள் செலவு செய்தால்தான் நாடு வளரும் என்று பேசிக்கொண்டிருந்தார். ஜெயராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். நான் விட்டாலும் நாளைக்கு வேறு எவனாவது பார்த்துவிடுவான், அந்தக் காசு அவனுக்குப் போகும் என்று மனசுக்குள்ளேயே வாதாடினான். கை கழுவப் போன இடத்தில் எண்ணை அனுப்பிவிட்டான். "தீபாவளி கழிச்சு எடுங்க boss" என்றும் சேர்த்து எழுதினான். தனேஷ் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பினான்.

தனேஷுக்கு ஏது தீபாவளி? வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் இருநூறு வெள்ளி வந்துவிட்டது, கூடவே தங்கையின் கார் எண்ணும். தன்மேலேயே ஜெயராஜுக்கு அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் தவணையைக் கட்டினான்.

கொஞ்ச நேரத்தில் உஷா அழைத்தாள். "அண்ணே, துணி எடுக்க பிரிக்ஃபீல்ட்ஸ் வந்திருக்கோம். நம்ம காடியை இழுத்துட்டுப் போயிட்டாங்கண்ணே. எல்லாரும் பாத்துட்டு நின்னாங்க." அழுதபடியே போனை வைத்தாள்.

அவன் போனபோது கடைத்தெரு அலங்கார வளைவுக்குக் கீழே, நடைபாதையில், துணிப் பைகளுக்கு நடுவே உஷாவும் அவள் மகள் அனுப்பிரியாவும் நின்றார்கள். காரிலிருந்து பைகளை எடுத்து வெளியே வைத்துவிட்டுத்தான் இழுத்துப் போனார்களாம். ஜெயராஜ் பைகளைத் தன் காரில் ஏற்றினான்.

"நல்லவேளை, உன் காடியாவது இருக்கு. பள்ளி திறந்தா இவளைக் கொஞ்ச நாள் நீ ஏத்திட்டுப் போறியாண்ணே?" என்றாள் உஷா. காரில் ஏறியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பையைப் பிரித்தாள். நீலச் சட்டை ஒன்று. "உனக்குத்தான். வேலை இல்லாம இருக்கிற, நீயா வாங்க மாட்டன்னு எடுத்தேன். காசு இப்ப கட்டலண்ணே, கடையில மூணு மாசத்துல கட்டலாம்னாங்க."

ஜெயராஜ் சட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு காரைக் கிளப்பினான்.

பின்சீட்டிலிருந்து அனுப்பிரியா எட்டிப் பார்த்தாள். "மாமா, உங்க காடியையும் இழுத்துடுவாங்களா?"

"இந்த மாசம் இழுக்க மாட்டாங்கம்மா" என்றான் ஜெயராஜ்.