டென்சிலின் ஐந்தாவது குண்டு

டென்சில் ஸ்லோன் இறந்து ஏழு வருடம் கழித்து, அவர் கடைசியாகச் சுட்ட குண்டுகளில் முதலாவது வந்து சேர்ந்தது. கென்டக்கி மலைப்பக்கம், நிலக்கரி லாரிகள் போகும் சாலையோரத்தில் அவருடைய பெட்ரோல் பங்க்கும் அதை ஒட்டிய கடையும் இருந்தன. அன்று காலை அவர் மனைவி ஓபல் கடைக்குள் தனியாக நின்று பன்றி இறைச்சித் துண்டுகளை வறுத்துக்கொண்டிருந்தாள். கல்லா மேசைக்கு மேலே, வெறும் காற்றில் டமார் என்று ஒரு சத்தம். எதிரே மூடியிருந்த கதவில், ஒரு குட்டையான ஆளின் நெஞ்சு உயரத்தில், விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது. ஓபல் அடுப்பைத் தணித்துவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்தாள். போலீஸ்காரர்கள் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து தொடாமல் கிடந்த ரிவால்வரில் ஒரு தோட்டா காலியாகி, சூடாக இருந்தது. அவள் இழுப்பறையை மூடிவிட்டு இறைச்சியைத் திருப்பிப் போட்டாள்.

ஏழு வருடத்துக்கு முன் முகத்தில் துணி கட்டிய ஒருவன் அந்தக் கதவை முதுகால் சாத்திக்கொண்டு நின்றான். டென்சில் ரிவால்வரை எடுத்து ஐந்து முறை விசையை அழுத்தினார். ஐந்து முறையும் டிக் என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. மாவு மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த ஓபல் அதைக் காதால் கேட்டாள். அடுத்துக் கேட்ட வெடி திருடனுடையது. அவனைப் பிடித்தார்கள், அவனும் சிறையில் செத்தான். ஓபலுக்கு அவன்மேல்கூட அவ்வளவு ஆத்திரம் இல்லை. ஆத்திரமெல்லாம் அந்த ரிவால்வரை விற்ற ஹோபர்ட் பென்னிங்டன்மேல்தான். துப்பாக்கிக் கடைக்காரர், சபையில் மூப்பர், ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர். தோட்டாக்களின் அடியில், அவற்றை வெடிக்கவைக்கும் ஊசி பட்ட சுவடே இல்லை என்று போலீஸார் சொன்னதும் அவர் அதைப் பிடித்துக்கொண்டார். அடக்கம் முடிந்து சபையில் போட்ட சாப்பாட்டின்போது, கையில் உருளைக்கிழங்கு மசியல் தட்டோடு நின்று, "சாமான்ல ஒரு பழுதும் இல்ல. மனுஷன் பயந்துட்டாரு, அழுத்தவே இல்ல, பாவம்" என்றார். அந்தப் ‘பாவம்’ என்ற சொல்லைத்தான் ஓபலால் மன்னிக்கவே முடியவில்லை.

அந்த மலிவு ரிவால்வரின் யோக்கியதை ஊருக்கே தெரியும். உள்ளே ஊசியைக் குட்டையாக ராவி வைத்திருந்தார்கள்; சில நேரம் தோட்டாவைத் தொடும், சில நேரம் தொடாது. அதை வாங்கியவர்கள் எல்லாம் டென்சிலின் கடையிலேயே உட்கார்ந்து, டென்சிலின் காப்பியையே குடித்துக்கொண்டு, "என்னுது இடது பக்கமா ஒதுங்குதுப்பா", "என்னுது ஈரம் பட்டா ஊமையாயிடும்", "விடு, கொடுத்த காசுக்கு இது போதாதா" என்று பேசிச் சிரித்தவர்கள்தான். டென்சில் ஒருவர்தான் ஓடைக்கரையில் தகர டப்பாக்களை அடுக்கிச் சுட்டுச் சுட்டு, ஒரு கை அகலம் வலப்பக்கம் குறிவைத்தால் நேராகப் போகும் என்று கண்டுபிடித்தார். அவர் செத்ததும் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். துப்பாக்கி மோசம் என்று சொன்னால் தாங்கள் ஏமாந்தவர்கள் என்று ஆகிவிடும். செத்தவனைக் கோழை என்று சொல்வதில் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. இப்படிப்பட்ட மானங்கெட்ட ஊர் அது.

டென்சிலின் முதல் குண்டு வந்த அந்த இலையுதிர் காலத்திலிருந்து எல்லோருடைய வெடிக்காத குண்டுகளும் வரத் தொடங்கின. கிளைட் என்பவர் எப்போதோ நரிக்கு வைத்த குண்டு அவருடைய துணி துவைக்கும் இயந்திரத்தைத் துளைத்தது. யாரோ புத்தாண்டுக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டது சபையின் பெயர்ப்பலகையில் ஓர் எழுத்தைக் கொண்டுபோனது. ஜனங்கள் ஜன்னலோரம் பழைய மெத்தைகளைச் சாய்த்துவைத்துவிட்டு, நிலக்கரி விலையைப் பற்றிப் பேசப் போனார்கள். அவர்களுடைய குண்டுகள் ஒன்றுவிடாமல் இடது பக்கம் ஒதுங்கின. டென்சிலுடையவை ஒதுங்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்று வருடங்கள் இடைவெளி விட்டு வந்து கதவில் பதிந்தன. ஒரு காப்பிக் கோப்பையைக் கவிழ்த்தால் நான்கும் அதற்குள் அடங்கும். நடுங்கிய கை அப்படிச் சுடாது என்று ஓபல் யாரிடமும் வாதாடப் போகவில்லை. கோப்பையைக் கதவருகே ஓர் ஆணியில் மாட்டிவைத்தாள். வருகிறவர்களே அதை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து, கடை நிறைய ஆள் இருக்கும்போது ஹோபர்ட் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தொப்பி.

"சிஸ்டர், மனசுல கசப்பு வச்சுக்காதீங்க. எவனோ விளையாட்டுக்கு உங்க கதவைச் சுட்டிருக்கான். அதைப் பார்த்து ஊரு ஏதேதோ பேசுது."

"அப்ப என் வீட்டுக்காரரு அழுத்தவே இல்ல?"

"அன்னிக்குச் சொன்னதுதான் இன்னிக்கும். அழுத்தல."

"சரி. அப்ப அஞ்சாவது குண்டுன்னு இனி வர்றதுக்கு ஒண்ணும் இல்ல." ஓபல் காப்பியை ஊற்றினாள். "பின்ன எதுக்குப் பிரதர் உள்ள வரும்போது குனிஞ்சு வந்தீங்க?"

ஹோபர்ட்டின் காது சிவந்தது.

"எல்லாரும் குனியறாங்கன்னு..."

"எல்லாருக்கும் தெரியும், அதனால குனியறாங்க. உங்களுக்குத்தான் தெரியாதே. இந்தாங்க காப்பி. அந்தக் கதவுக்கு முன்னால நிமிர்ந்து நின்னு குடிங்க. குடிச்சு முடிச்சிட்டீங்கன்னா, நானே சபையில எழுந்து நின்னு என் வீட்டுக்காரரு கோழைன்னு சொல்லிடறேன்."

அவர் கோப்பையை வாங்கினார். கதவைப் பார்த்தார். நான்கு ஓட்டைகள் வழியாக மதிய வெயில் உள்ளே வந்துகொண்டிருந்தது. கோப்பையை மேசையிலேயே வைத்துவிட்டார்.

"அழுத்தினாரு, சிஸ்டர்" என்றார்.

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

"டென்சில் அழுத்தினாரு. துப்பாக்கிதான் சுடல. எனக்கு அப்பவே தெரியும்."

சொல்லிவிட்டுத் தொப்பியை வாயில் கவ்வி, வெள்ளைச் சட்டையோடு நான்கு காலில் கதவைத் தாண்டிப் போனார். யாரும் சிரிக்கவில்லை. ஓபலுக்கு ஆறுதலாகவும் இல்லை. எட்டி உதைக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

ஐந்தாவது குண்டு இன்னும் வரவில்லை. அந்தக் கடைக்குள் போகிறவர்கள் இன்றும் குனிந்துதான் போகிறார்கள். வெளியூர் லாரிக்காரர்கள், கதவு உயரமாகத்தானே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே குனிகிறார்கள். ஓபல் மட்டும் நிமிர்ந்து போய் நிமிர்ந்து வருகிறாள். டென்சில் குறிவைத்தது அவளையல்ல, அவர் குறி தப்புகிறவரும் அல்ல.