கதவைத் தட்டாத செயலி

1.

இந்தக் கதை ஒரு துணிச் சந்தேகத்தில் பிறந்தது. தம்பி விடுதியிலிருந்து அக்காவைக் கூப்பிட்டு, கறுப்புச் சட்டையையும் வெள்ளைச் சட்டையையும் ஒரே வாளியில் ஊறப்போடலாமா என்று கேட்டான்.

"போடாதடா. வெள்ளை சாம்பலாயிடும்."

"என் மூஞ்சி மாதிரியா?"

அக்கா சிரித்தாள். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று போனை வைத்தாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை, தேர்வு வாரத்தின் இரண்டாம் நாள், அவன் தன் உயிரை முடித்துக்கொண்டான்.

[எப்படி என்று எழுத மாட்டேன். முதல் இரண்டு வரைவுகளில் எழுதியிருந்தேன். படித்தவர்கள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள்.]

அந்த அக்கா நான்தான். 'நான்' என்று தொடங்கியபோதெல்லாம் எனக்கு நானே வக்காலத்து வாங்கினேன். அதனால் 'அக்கா'. அவளைத் திட்டுவது எளிது.

2.

பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், மாணவர்களின் மன அழுத்தத்துக்குத் துணை நிற்கும் கைபேசிச் செயலி ஒன்றை அக்கா வடிவமைத்தாள். தூக்கம், நடை, திரையைத் தொடும் வேகம் எல்லாவற்றையும் பார்த்து, இன்னாரிடம் இன்ன நேரத்தில் என்ன கேட்கலாம் என்று அது தானே பழகிக்கொள்ளும். ஆளுக்கேற்ற ஆறுதல்.

சோதனைக்கு ஆள் போதவில்லை. நாற்பத்தொன்றாவது ஆளாகத் தம்பியையும் சேர்த்தாள். முதல் வாரமே புகார் வந்தது.

"மூச்சை இழுத்து விடுங்கன்னு சொல்லுதுக்கா உன் பொட்டி. இத்தனை வருஷம் நான் என்ன இழுக்காமலா இருந்தேன்?"

மற்றவர்களும் நச்சரிப்பு என்றார்கள். எல்லாரும் செயலியை அழித்துவிடுவார்களோ என்று பேராசிரியருக்குக் கவலை. கூட்டத்தில் அக்காதான் வழி சொன்னாள்: ஒருவர் கேள்வியை மூன்று முறை தள்ளிவிட்டால் இரண்டு நாள் ஒதுங்கியிரு. மறுபடி தள்ளினால் நான்கு நாள். அப்புறம் எட்டு. எல்லாருக்கும் பிடித்துப்போனது.

[அந்த விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது. சின்ன வயதில் தம்பி கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தினால் அம்மா சொல்வாள்: "தட்டாத. பசிச்சா தானா வருவான்." வருவான். ஒருமுறைகூடத் தவறியதில்லை.]

3.

இங்கே ஒரு காட்சி வேண்டும். வெளியே மழை, அக்கா நடுங்கும் விரலோடு கணினியை

மழை இல்லை. நல்ல வெயில். மூன்றாவது வாரம் வேலைக்குத் திரும்பியவள் அவனுடைய பதிவைத் திறந்தாள். தூக்கம் இரண்டு மணி நேரம், ஒன்றரை, மறுபடி இரண்டு. செயலிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தும், அந்தச் செவ்வாய்க்கிழமை, எட்டு நாள் ஒதுங்கலின் ஆறாம் நாளில், மரியாதையாக வெளியே நின்றுகொண்டிருந்தது. அடுத்த கேள்வியை வெள்ளிக்கிழமைக்கு வைத்திருந்தது.

பேராசிரியர் நல்ல மனிதர். கதைக்கு அது இடைஞ்சல். கொடியவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்:

"பாதியில நின்னுபோன தரவும்மா. எடுத்துடலாம். நாப்பது பேர்னே அறிக்கை போகட்டும். நீயும் தினம் அதைப் பார்க்க வேண்டாம்."

"அவன் விலகலை சார். கடைசி நாள் வரைக்கும் போன்ல வச்சிருந்தான்."

 மாத முடிவுக்குள் அறிக்கையில் அவள் கையெழுத்து வேண்டும் என்றார் அவர்.

அவனை எடுத்துவிட்டால் விதிக்கு வெற்றி: நாற்பது பேரில் ஒருவர்கூடச் செயலியை அழிக்கவில்லை. அவன் இருந்தால், விதி என்ன செய்தது என்று எழுத வேண்டும். எழுதினால், யார் சொன்ன விதி என்றும் எழுத வேண்டும்.

4.

முடிவு ஒன்று: அக்கா கையெழுத்துப் போட மறுத்து வேலையை உதறுகிறாள். கைதட்டல் கிடைக்கும்.

முடிவு இரண்டு: விதியை மாற்றுகிறாள். எங்கோ ஒரு விடுதி அறையில் சரியான நேரத்துக்கு ஒரு போன் ஒலிக்க, ஒரு பெண் எழுந்து உட்கார்ந்து

இதை முடிக்க எனக்குக் கை வரவில்லை.

முடிவு மூன்று: கையெழுத்துப் போடுகிறாள். நடந்தது இதுதான்.

அன்று மாலை அம்மா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்: "அவன் செல்லுல உன்னோடது ஒண்ணு இருந்துச்சே. அது ஒண்ணும் சொல்லலையாடி?"

அக்கா ஒரு பதில் சொன்னாள். அதை நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கு அக்காவோ தம்பியோ இருந்தால், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

அறிக்கை அச்சாகிவிட்டது. உள்ளே எல்லா அட்டவணைகளிலும் நாற்பது. முதல் பக்கத்தில் மட்டும், பங்கேற்றவர்கள் நாற்பத்தொருவர் என்று இருக்கிறது. இதுவரை யாரும் திருத்தவில்லை.