காயா பழமா?

1

“அப்பா, கடைக்கு அனுப்புனீங்களே, என்ன ஆச்சுன்னு கேக்கவே இல்லையே?”

எட்டு வயது ஃபெபி கேட்ட இந்தக் கேள்விதான் இந்தக் கதைக்கு வித்து. சர்க்கரை கிடைக்காமல் வெறுங்கையோடு வந்திருந்தாள். அவள் அப்பா கிளாட்சன் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் வெறும் டீயைக் கலக்கிக் குடித்துவிட்டு, “இனிப்பு கம்மி” என்றார்.

2

“காவிரி நுங்கும் நுரையுமாக…”

[அடித்துவிட்டேன். காவிரி வந்திருந்தால் இந்தக் கதைக்கு மோட்டாரே வேண்டாம்.]

சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த கிளாட்சன், ஊர் விவசாயி வைத்தியலிங்கத்தின் வயல் மோட்டாருக்கு ஒரு பெட்டி செய்து கொடுத்தார். போனில் ‘நிறுத்து’ என்று அனுப்பினால், பெட்டிக்குள் இருக்கும் நிரல் உத்தரவு போடும். நிறைவேறினால் பூஜ்யம் திரும்பி வரும். இல்லையென்றால் மைனஸ் ஒன்று. எது வந்ததென்று பார்க்காமலே, அடுத்த வரியில் ‘மோட்டார் நின்றது’ என்று செய்தி அனுப்ப எழுதியிருந்தார்.

(குறிப்பு: நாம் ‘போயிட்டு வர்றேன்’ என்றுதான் கிளம்புவோம். வந்ததும் ‘போன காரியம் காயா பழமா?’ என்பார்கள். கிளாட்சன் பாதி வழக்கத்தை மட்டும் நிரலாக்கியிருந்தார்.)

3

திருக்கடையூரில் வைத்தியலிங்கத்துக்கு அறுபதாம் கல்யாணம். ஊரில், முளைவிதை தெளித்த நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. மாலையும் கழுத்துமாகப் போனை எடுத்தார்.

“இப்பவும் போனா? தாலியக் கட்டுங்க!” என்றார் மனைவி ராஜாத்தி.

“இரு, மோட்டார நிறுத்திட்டுக் கட்டுறேன்.”

‘மோட்டார் நின்றது’ என்றது போன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மைனஸ் ஒன்று கேட்பாரற்றுப் பெட்டிக்குள் கிடந்தது. அவர் ஊர் திரும்ப இரண்டு நாளாகும். அதற்குள் தேங்கிய நீரில் முளைவிதை அழுகிவிடும். அந்த வருஷச் சாகுபடி அவ்வளவுதான்.

மாற்று முடிவு: விதை அழுகுகிறது. வைத்தியலிங்கம் வரப்பில் உட்கார்ந்து…

[கல்யாண மாப்பிள்ளையை அழவைக்க எனக்கு மனம் வரவில்லை.]

ஆகவே, பக்கத்து வயல் ஆமினா சத்தம் கேட்டு வந்தார். கையால் மோட்டாரை நிறுத்தி, வரப்பை வெட்டி நீரை வடித்தார். சேற்றில் ஒரு செருப்பு வார் அறுந்தது, விட்டுவிட்டுப் போனார். யாரிடமும் சொல்லவில்லை.

4

“கில்லாடிப்பா நீ! தாலி கட்டுறதுக்குள்ள நின்னுடுச்சே!” என்றார் ஊர் திரும்பிய வைத்தியலிங்கம்.

கிளாட்சன் பெட்டியின் பதிவைப் பார்த்தார். மைனஸ் ஒன்று. “நிக்கலைங்க ஐயா. தப்பு என்னுது. யாரோ வந்து நிறுத்தியிருக்காங்க.”

“ஆண்டவன்தான் வந்திருக்கான்!”

கிளாட்சன் சேற்றில் கிடந்த செருப்பை எடுத்தார். “ஆண்டவன் பச்சை வார் செருப்பா போடுறாரு?”

மைனஸ் ஒன்று வந்தால் ‘நிற்கவில்லை, ஆள் அனுப்பவும்’ என்று சொல்லும்படி நிரலைத் திருத்தினார். வீட்டில் செருப்பை ஃபெபியிடம் காட்டினார்.

“ஆமினா அத்தையோடது” என்றாள்.

5

வார் தைத்து, சேறு கழுவிய செருப்போடு, ஆமினா வயலில் இருக்கும் நேரம் பார்த்து, கிளாட்சன் அவர் வாசலில் நிற்கிறார். ஒற்றையாகக் கிடக்கும் செருப்புக்குப் பக்கத்தில் ஜோடியாக வைக்க வேண்டும். யாரும் பார்க்கக் கூடாது. ஆமினா பிறகு என்ன நினைத்தார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் காயா பழமா என்று கேட்க வேண்டாம்.

நான் பேனாவை மூடுகிறேன். நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.