செவ்விந்தியன் 7

1
இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. நவஹோ பழங்குடியினரின் ஊரான கேயன்டாவில் நான் செவிலியாகி இருபத்தாறு வருடம். பக்கத்து வீட்டு லவீனா அந்தத் தாளை என் சமையலறை மேசையில் போட்டாள். அவளுடைய அப்பா நடித்த பழைய கௌபாய் படத்தைப் புதுப்பிக்கிறார்களாம். அன்று விட்டுப்போன நவஹோக்காரர்களின் பெயர்களை இப்போது போடுவார்களாம். "செவ்விந்தியன் 7. பெயர்: ........" வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பாவிட்டால் வெறும் எண்தான்.

லவீனா வீட்டில் இறந்தவர் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் போனவரைத் திரும்ப இழுப்பதாகிவிடும்.

2
முதல் தொடக்கம்: "சிவந்த பாறைகளுக்கு நடுவே சூரியன்..." (அடித்துவிட்டேன். அந்தப் படமும் இப்படித்தான் தொடங்குகிறது.)

இரண்டாவதில் லவீனாவின் அப்பாவுக்கு நானே ஒரு பெயர் வைத்து, அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"யாருடி இது?"

"உங்கப்பாதான்க்கா. நிஜப் பேரு வேணாம்னுதான்..."

"அவங்க படத்துல எங்கப்பாவ வேற இனமா, அப்பாச்சி இனத்தானா ஆக்கினாங்க. நீ வேற யாரோவா ஆக்குற. ரொம்ப நல்லாருக்கு."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. பெயரை நீக்கினேன்.

3
லவீனாவின் தாய்மாமன் வில்சன் (செவ்விந்தியன் 8, இப்போது வயது எண்பத்தெட்டு) ஆட்டுக்கறிச் சூப்பில் ரொட்டியைத் தோய்த்தபடி சொன்னார்:

"செவ்விந்தியத் தலைவரா நடிச்சவன் வெள்ளைக்காரன். பழுப்புச் சாயம் பூசியிருந்தான். வெயில்ல அது ஒழுகி, வெள்ளக் குதிர கழுத்தெல்லாம் பழுப்பு. 'பாருடா, குதிரையும் நம்மாளாயிருச்சு'ன்னான் உங்கப்பன். சிரிச்ச சிரிப்புல நான் நெசமாவே குதிரையிலேருந்து விழுந்துட்டேன். அதத்தான் படத்துல வெச்சிருக்கானுங்க."

"அப்பா?" என்று கேட்டாள் லவீனா.

"ஒரே சண்டையில நாலு தடவ செத்தான். ஒவ்வொரு தடவையும் தலையில வேற இறகு, வேற ஆளாம்." மாமா கரண்டியைக் கீழே வைத்தார். "சாவு நமக்கு விளையாட்டா? தீட்டுக் கழிக்கிற சடங்கு செஞ்சப்புறந்தான் வீட்டுக்குள்ள வந்தான்."

4
முடிவு அ: லவீனா பெயரை எழுதுகிறாள். அரங்கமே கைதட்டுகிறது. (கைதட்டுவது நான்தான் போலிருக்கிறது.)

முடிவு ஆ: காலியாக விடுகிறாள். (எழுபது வருடமாக அந்தப் படம் அதைத்தானே செய்கிறது?)

நடந்தது: வியாழனன்று அவள் எழுதி அனுப்பினாள். "லவீனாவின் அப்பா. கசப்புத் தண்ணீர்க் குலம்."

மறுநாள் காலையே பதில் வந்தது: உறவுமுறை பெயராகாது.

"இந்த ஊர்ல அவர எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க" என்றாள் லவீனா. அதே வரியை, இன்னும் பெரிய எழுத்தில் எழுதி, மறுபடி அனுப்பினாள்.

5
படத்தில் என்ன வரும் என்று தெரியாது. அதைக் கற்பனை செய்ய எனக்கு மனமில்லை.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிக் கோப்பில் பார்த்ததால் அவர் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதினால் யாரும் தடுக்கப்போவதில்லை. அவர் பெயர்

(லவீனா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள்.)

அந்த வாக்கியத்தை முடிக்க விரும்புகிறவர்கள் முதலில் அவளைக் கேளுங்கள்.