பத்தும் இருக்கு

வலது கை ஆள்காட்டி விரலை அவள் கடித்துப் பார்த்தாள். வலிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகக் கடித்தாள். பல் தடம்தான் விழுந்ததே தவிர வேறு ஒரு சங்கதியும் இல்லை. வேறு யாருடைய விரலையோ தவறுதலாக மாட்டிக்கொண்டு வந்துவிட்ட மாதிரி இருந்தது. நுனி மட்டும் மெழுகில் செய்ததுபோல வெளுத்துக் கிடந்தது.

குளிர்பதனக் கிடங்கின் கழிப்பறையில் தாழ் போட்டுக்கொண்டு, பதினேழு வயதுப் பெண் தன் விரலைத் தானே கடித்துக்கொண்டு நிற்கிறாள் என்றால், அதற்கு ஒரு காரணம் இருக்கத்தானே வேண்டும்.

காரணம் பனிக்காட்டில் தொடங்கியது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பனிக்காடு அது. விமானம் விழுந்து, நீ மட்டும் பிழைத்து, பனியில் நாட்களை ஓட்ட வேண்டும். திரையின் மூலையில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அதுதான் உடம்புச் சூடு. அது குறைந்தால் ஓடு, ஏறிவிடும். இன்னும் குறைந்தால் தீ மூட்டு, மளமளவென்று ஏறும். விரல் விறைத்ததா? தீயில் காட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் சரியாகிவிடும். அந்த விளையாட்டில் அவளை அடிக்க ஆளில்லை. கூட ஆடும் கூட்டாளிகள் அவளுக்கு வைத்த பெயர் பனிக்கரடி. அவளுடைய அண்ணனுக்கும் ஒரு பெயர் உண்டு, ஐஸ்குச்சி. எப்போது ஆட வந்தாலும் முதல் ராத்திரியே விறைத்துச் செத்துப்போவான்.

இதில் வேடிக்கை, வீட்டில் நிஜக் குளிரில் சம்பாதிக்கிறவன் அவன்தான். ஐஸ்கிரீம், பட்டாணி, மீன் என்று கூரை வரைக்கும் அடுக்கிய கிடங்கில், கடைகள் கேட்கும் பெட்டிகளை எடுத்து வண்டியில் ஏற்றுவது அவன் வேலை.

"மைனஸ் இருபத்தஞ்சுல வேலை பாக்குறவன், பொம்மைக் குளிர்ல போய் சாகுறியே அண்ணா! வெளிய சொல்லாத, மானம் போயிடும்."

"பொம்மைக் குளிர்ல யார் வேணா கரடி ஆகலாம். லீவுதானே? ஒரு வாரம் என்கூட வந்து நில்லு. அப்புறம் பேசு."

"வர்றேன். யார் அழுதுக்கிட்டு வீட்டுக்கு வர்றாங்கன்னு பாத்துடலாம்."

அவன் சூப்பர்வைசர் அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடி அவளுக்கு விடுமுறை வேலை வாங்கிக் கொடுத்தான். அந்த அக்காவுக்குக் கணீரென்ற குரல். முதல் நாளே சட்டத்தைச் சொல்லிவிட்டார். உள்ளே தனியாகப் போகக்கூடாது, ஜோடியாகத்தான் போக வேண்டும். ஒவ்வொரு அடுக்கு வரிசை முடியும்போதும் ஜோடி ஆள் முகத்தைப் பார்க்க வேண்டும். மூக்கோ கன்னமோ வெளுத்திருந்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். கை உறைக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது இல்லையா, அதற்கு ஒரு கேள்வி உண்டு. ஒருவர் "விரல்?" என்று கத்த வேண்டும். மற்றவர் பத்தையும் அசைத்துப் பார்த்துவிட்டு, "பத்தும் இருக்கு!" என்று பதில் கத்த வேண்டும்.

"ஏன் அண்ணா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி என் மூஞ்சியையே பாக்குற?" என்று முதல் வரிசையிலேயே அவள் சிரித்தாள்.

"இந்த மூஞ்சியை எவன் வந்து பாப்பான்? மூக்கை மூடு. விரல்?"

"பத்தும் இருக்கு, பதினொண்ணாவதும் முளைக்குது!"

இரண்டு நாள் நன்றாகத்தான் போயிற்று. மூன்றாம் நாள்தான் கரடி தலைதூக்கியது. குளிர் முதுகில் ஏறியதும், விளையாட்டில் செய்வதுபோலப் பெட்டியும் கையுமாக ஓட ஆரம்பித்தாள். அண்ணன் பின்னாலிருந்து, "ஏய், ஓடாத, வேர்க்கும்!" என்று கத்தினான். அவள் காதில் வாங்கினால்தானே? உடம்பில் சூடு ஏறியது உண்மை. கூடவே வேர்வையும் ஏறியது. கையில் மாட்டியிருந்த உள் உறை நசநசவென்று நனைந்துபோனது.

அண்ணன் வண்டியைத் திருப்பப் போன சமயத்தில், கண்ணிமையில் வெள்ளைவெள்ளையாகப் பனி பூத்திருப்பதைக் கூட்டாளிகளுக்குக் காட்டியே தீர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தடித்த உறையை வைத்துக்கொண்டு போனைத் தொட முடியாது. உள் உறை, வெளி உறை இரண்டையும் கழற்றினாள். ஒரு படம் எடுத்தாள், சரியாக வரவில்லை. இன்னொன்று எடுக்கப் போனபோது போன் குளிரில் அணைந்துவிட்டது. அதைத் தட்டிப் பார்த்தாள், ஊதிப் பார்த்தாள். வண்டிச் சத்தம் கேட்டதும் அவசரத்தில் வெறுங்கையோடு, பெட்டிகளை ஏற்றும் இரும்புக் கூண்டின் கொக்கியை இழுத்தாள். விரல் அதில் ஒட்டிக்கொண்டது; பிய்த்து எடுத்தாள். ஈர உறையையே திரும்ப மாட்டிக்கொண்டாள்.

"விரல்?" என்றான் அண்ணன்.

ஒன்பதுதான் அசைந்தது.

"பத்தும் இருக்கு!" என்றாள்.

அப்படிச் சொல்லிவிட்டுத்தான் இப்போது கழிப்பறையில் தாழ் போட்டுக்கொண்டு நின்றாள். குளிரை விட்டு வந்ததும் சூடேறி உயிர் பெற்றிருந்த போனில் கூட்டாளிகளிடம் கேட்டாள்: 'நிஜமா விரல் விறைச்சா என்ன பண்றது?' பதில் உடனே வந்தது. வாத்து என்கிறவன் எழுதியிருந்தான்: 'தீ மூட்டு கரடி. மரக்கட்டை இல்லன்னா நாற்காலியை உடை.' இன்னொருத்தி மூலிகைச் சாறு குடிக்கச் சொன்னாள். மூன்றாவது ஆள், ஆட்டத்தைக் கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து மறுபடி ஆடச் சொன்னான்.

விரல் போய்விடுமோ? வெட்டி எடுப்பார்களாமே. எழுதுவது, சாப்பிடுவது, மௌஸ் பிடிப்பது எல்லாம் இந்தக் கைதானே. வெளியே சொன்னால் அண்ணன் வேலைக்கும் சேர்த்து வேட்டு. கெஞ்சிக் கூட்டிவந்தவன் அவன்தான்.

சுவரில் ஒரு ஹீட்டர் கனன்றுகொண்டிருந்தது. தீக்குப் பதில் இது போதும் என்று நினைத்தாள். இரண்டு கையையும் அதன் கம்பிகளுக்குக் கிட்டே கொண்டுபோனாள். இடது கை சுரீரென்று சுட்டு, தானாகவே பின்னுக்கு வந்தது. வலது கையில் மற்ற விரல்கள் மடங்கிக்கொள்ள, ஆள்காட்டி விரல் மட்டும் அசையாமல், கம்பியைத் தொடுவதுபோல அங்கேயே நின்றது. அதற்கு ஒன்றுமே தெரியவில்லை. அது வெந்துபோனால்கூடத் தனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் புரிந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு தாழ்ப்பாளைத் திறந்தாள்.

அண்ணன் நடைக்கூடத்தில் காபி இயந்திரத்தை உதைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா."

"என்ன கரடி, குகையை விட்டு வர மனசு வந்துச்சா?"

"நான் பொய் சொல்லிட்டேன். பத்து இல்ல."

அவள் நீட்டிய விரலைப் பார்த்தான். எப்படியும் ஒரு கிண்டல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவன் முகம் விரலைவிட வெளுத்துப்போனது. அதுதான் அவளை அழவைத்தது.

"எவ்வளவு நேரமாச்சு? ஹீட்டர்ல காட்டினியா? தேய்ச்சியா?"

"காட்டப் போனேன், எடுத்துட்டேன். கடிச்சேன்."

"கடிச்சியா! நாயா நீ?" என்று சொல்லிக்கொண்டே அவள் தோளைப் பிடித்துத் தள்ளாத குறையாக சூப்பர்வைசர் அறைக்குக் கூட்டிப்போனான்.

அக்கா திட்டுவதை அப்புறத்துக்கு வைத்துக்கொண்டார். விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். "மேல்தோல் மட்டும்தான் விறைச்சிருக்குன்னு தோணுது. ஆனா நான் டாக்டர் இல்ல. முதல்ல தண்ணி, அப்புறம் ஆஸ்பத்திரி." ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து, குழந்தையைக் குளிப்பாட்டுவதற்கு முன் பார்ப்பதுபோல முழங்கையை விட்டுப் பார்த்தார். "இதமா இருக்கணும், சுடக்கூடாது. வை."

வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அக்கா தண்ணீரை மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்று எரிச்சலூட்டியது. அண்ணன் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே உலாத்தினான்.

"ஒரு இடத்துல நில்லுப்பா, எனக்குத் தலை சுத்துது," என்றார் அக்கா.

முதலில் எறும்பு ஊர்ந்தது. பிறகு ஒரு ஊசி, பிறகு ஊசிக் கடையே குத்தியது. அடுத்து யாரோ விரலைக் கதவிடுக்கில் வைத்து நசுக்குவதுபோல வலித்தது. அவள் மேஜையை இடது கையால் ஓங்கிக் குத்தினாள்.

"அய்யோ! அம்மா! வலிக்குதே!"

"நிஜமாவா? நல்லா வலிக்குதா?" என்று அண்ணன் ஓடி வந்தான்.

"உயிர் போகுதுடா!"

"அப்பாடா!" என்று சொல்லிவிட்டு அவன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். அக்காவும் சிரித்துவிட்டார். "அழு, நல்லா அழு. வலிச்சா விரலுக்கு உயிர் இருக்குன்னு அர்த்தம். வலிக்கலன்னாதான் நான் அழணும்."

கிண்ணத்துக்குள் விரல் தக்காளி மாதிரி சிவந்து வீங்கிக்கொண்டு வந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதையே பார்த்தாள். இத்தனை அசிங்கமான விரலை இவ்வளவு ஆசையாக அவள் பார்த்ததே இல்லை.

அக்கா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வெளியே போனார். போகிறபோது வாசலில் நின்று, "பொய் சொன்னதுக்குத் திட்டு பாக்கி இருக்கு. ரெண்டு பேருக்கும்," என்று நினைவுபடுத்தினார்.

அண்ணன் குடிதண்ணீர் பாட்டிலை எடுத்தான். மூடியைத் திருகினான். திறக்கவில்லை. மறுபடி திருகினான். அவன் பத்து விரல்களும் தடதடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. அவள் பாட்டிலை வாங்கி, தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, இடது கையால் மூடியைத் திறந்து அவனிடம் நீட்டினாள்.