ஓடாத தலைநகரம்

காஷிஃப் செய்த விண்வெளி கம்ப்யூட்டர் ஆட்டம் நன்றாக இருந்தது. அதுதான் டில்லிபாபுவுக்கு வயிற்றெரிச்சல். படு மோசமாக இருந்திருந்தால் வாய் நிறையப் பாராட்டிவிட்டு, வேளச்சேரிக்கு நிம்மதியாக பஸ் ஏறியிருப்பான்.

இருவரும் சேர்ந்து முன்பு செய்த இரண்டு ஆட்டங்களும் மண்ணைக் கவ்வியவை. முதலாவதில் ஒவ்வொரு கோளுக்கும் சோறு, வரி, சிப்பாய் என்று பார்த்துப் பார்த்து ஆடுகிறவன் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாகிப் போனான். இரண்டாவதில் முதலில் யார் நாலு கோள் பிடித்தானோ அவன்தான் ராஜா, மற்றவன் சும்மா உட்கார்ந்து சாக வேண்டியதுதான். அத்தோடு டில்லிபாபு, ஆளை விடு சாமி என்று வங்கி மென்பொருள் வேலைக்குப் போய்விட்டான். காஷிஃப் விடவில்லை. மெஹக் என்ற பெண்ணைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் பாத்திரக்கடை மாடியில் ஓர் அறை பிடித்து மூன்றாவதைச் செய்தே முடித்துவிட்டான். ஆட்டத்தை வெளியிடுவதாகச் சொன்ன பெங்களூர் கம்பெனிக்கு இன்று சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். இதுவும் ஊற்றிக்கொண்டால் காஷிஃப் தன் அண்ணனின் செருப்புக்கடையில் உட்காருவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தான்.

"வந்து ஒரு ஆட்டம் ஆடு மச்சி" என்று அவன் கூப்பிட்டதால்தான் டில்லிபாபு வந்தான். ஆடுகிறவன் பின்னால் காஷிஃபும் மெஹக்கும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆடும்போது செய்தவன் பேசக்கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

இந்த ஆட்டத்தில் தலைநகரிலிருந்து தூரக் கோளுக்குக் கட்டளை போய்ச் சேர நேரமாகிறது. ராஜ்ஜியம் பெருகப் பெருக ராஜா மந்தமாகிறான். அடப்பாவி! பழைய இரண்டு தப்பையும் ஒரே அடியில் சரிசெய்திருக்கிறானே! இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? நான் கூட இருந்தபோது இந்த மூளை எங்கே போயிருந்தது? டில்லிபாபுவுக்குக் காது சுட்டது.

அப்போதுதான் ஓட்டை கண்ணில் பட்டது. தலைநகரையே கப்பலில் ஏற்றி வேறு கோளுக்குக் கொண்டுபோகலாம். அடிக்கடி ஓடக்கூடாதென்று எரிபொருளைக் குறைத்து வைத்திருந்தான் காஷிஃப். ஆனால் போய் இறங்கும் கோளிலேயே எரிபொருள் தானாக நிரம்பிவிடுகிறது. எதிரி வர வர ஓடிக்கொண்டே இருக்கலாம். யாரும் ஜெயிக்க முடியாது, ஆட்டம் முடியவே முடியாது.

டில்லிபாபு ஓடவில்லை. வேண்டுமென்றே நின்று, அடி வாங்கி, தோற்றான்.

"சூப்பர் மச்சி" என்றான்.

காஷிஃப் துள்ளி எழுந்தான். "பாத்தியா மெஹக்! நம்ம பழைய ஆட்டத்துல தோக்கற மாதிரி இருந்தா தலைநகரத்தத் தூக்கிக்கினு ஓடிக்கினே இருப்பான் இவன். செருப்பக் கழட்டி அடிச்சிருக்கேன். எங்க ஓட்டை கீதோ அங்க மொதல்ல பூந்துர்ற ஆளு. இவனே ஓடலன்னா வேற எவனாலும் ஓட முடியாது!"

"அதான் ரெண்டு வாரமா இவரு அனுப்ப விடாம பிடிச்சு வெச்சிருந்தாருண்ணா" என்று மெஹக் சிரித்தாள். "டில்லி ஆடிப் பாக்காம எதுவும் வெளிய போகக் கூடாதுன்னு ஒரே அடம்."

காஷிஃப் டில்லிபாபுவின் தோளில் கை போட்டான். "இன்னா மச்சி, அனுப்பிடலாமா? நீ சொல்லு."

ஓட்டை இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தான். திரையில் காஷிஃப் பெயரும் மெஹக் பெயரும் சேர்ந்து மின்னிக்கொண்டிருந்தன.

"அனுப்புடா" என்றான் டில்லிபாபு.