ஏழாவது மூச்சு

பிசிறு வெட்டும் மேசையில் ஆறு பெண்கள். தைத்து முடித்த சட்டைகள் கட்டுக் கட்டாக வந்து விழும். தொங்கும் நூலையெல்லாம் சின்னக் கத்தரியால் நறுக்கி, உதறி, அடுத்த அறைக்குத் தள்ள வேண்டும். கைக்கு ஓய்ச்சல் கிடையாது. வாயும் காதும் சும்மாதான் இருக்கும். கைப்பேசிகளை வாசலில் ஒரு தட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது சூப்பர்வைசர் போட்ட சட்டம். அதனால் ஊர்க்கதை, வீட்டுக்கதை, மாமியார் கதை எல்லாம் அந்த மேசையில் அலசிக் காயப்போட்டாகிவிட்டது.

ஆறு பேரில் சின்னவளை எல்லோரும் ஊமச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். பேச வராதவள் இல்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் மற்றவர்கள் பேசி முடித்துவிடுவார்கள், அவ்வளவுதான். பத்தாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள். ஆனால் படிப்பை விட்டாலும் படிப்பது அவளை விடவில்லை. பேய்க்கதை, வேற்றுக்கிரகக் கதை, மந்திரக் கதை என்றால் உயிர்.

அண்ணன் கழித்துப்போட்ட கைப்பேசி அவளிடம் வந்ததிலிருந்து, இணையத்தில் சும்மா கிடைக்கும் கதைகளைத் தேடி அலைந்தாள். ‘இலவசம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். மூன்றாவது அத்தியாயத்தில் பேய் கதவைத் தட்டும் நேரம் பார்த்து, ‘மேலும் படிக்கப் பணம் கட்டவும்’ என்று வரும். பேயைவிட அதுதான் அடிவயிற்றைக் கலக்கும். சில இடங்களில் கதையை மறைத்துக்கொண்டு விளம்பரம் கூத்தாடும். இன்னும் சில இடங்களில், யாரோ எழுதிய கதையை எழுதியவர் பெயரைத் துடைத்துவிட்டு ஏற்றி வைத்திருப்பார்கள். ‘திருட்டுக் கும்பல்’ என்று மனசுக்குள் திட்டிவிட்டு வெளியே வந்துவிடுவாள்.

அப்படி அலைந்தபோதுதான் கூரைப்பூனை என்ற பெயரில் ஒருவர் எழுதும் பக்கம் கிடைத்தது. விளம்பரம் இல்லை, பூட்டு இல்லை. வாரம் ஒரு அத்தியாயம். ஒவ்வொன்றின் அடியிலும் அதே வரிகள்: ‘காசு வேண்டாம். யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். எழுதியது கூரைப்பூனை என்று மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள். பிடித்ததா இல்லையா என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்.’

அவள் எழுதவில்லை. தான் எழுதும் ஒரு வரியைப் பெரியவர்கள் யாராவது பார்த்துச் சிரித்துவிட்டால்?

கதை இதுதான். காற்றே இல்லாத ஒரு கிரகத்தில், தரைக்கு அடியில் தோண்டிய அறைகளில் ஆறு பேர் குடியிருக்கிறார்கள். எத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள் என்று கணக்குப் பார்க்க சுவரில் ஒரு கருவி. ஒருநாள் காலையில் அது ஏழு என்று காட்டுகிறது.

ஒரு மத்தியானம் மேசையில் பேச ஒன்றுமில்லாமல் எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தபோது, அவள் அதை மெல்ல எடுத்துவிட்டாள். ஏழு என்று சொன்னதும் கத்தரிகள் நின்றுவிட்டன.

“அடிப்பாவி! நாமளும் ஆறு பேருதானடி!” என்றாள் கண்ணாடியக்கா, பின்னால் திரும்பிப் பார்த்தபடி.

“உன் பின்னாடி யாருமில்ல. இருந்தாலும் உன் வாய்க்குப் பயந்து ஓடியிருக்கும்” என்றாள் பெரியம்மா. மேசையின் தலைமாட்டில் உட்காரும் அவளுக்கு அங்கே எல்லோரும் மகள்கள்தான். “நீ மேல சொல்லுடி. இதெல்லாம் நீயே யோசிச்சியா?”

ஊமச்சி தலையைக் குனிந்துகொண்டாள். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சொல்ல வாய் வருவதற்குள், “பாரு, வெக்கத்த!” என்று எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு சுகமாக இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

நாளை வந்தது, போனது. ஊமச்சி கதைக்காரி ஆனாள்.

கதை சொன்னால் அவள் கை நின்றுவிடும். அதனால் அவள் கட்டிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் சட்டையை மற்றவர்கள் இழுத்துக்கொண்டார்கள். அதிகம் இழுத்துக்கொண்டவள் சிரிப்பக்கா. மணிக்கட்டில் வலி என்று துணி சுற்றிக்கொண்டு வருபவள் அவள்தான். “நீ சொல்லு தங்கம், நான் வெட்டுறேன். எங்க வீட்ல கூட சொல்லிட்டேன், எங்க மேசையில ஒரு எழுத்தாளர் இருக்கான்னு” என்பாள். ஒவ்வொரு முறை அந்தத் துணி சுற்றிய கை தன் கட்டுப் பக்கம் நீளும்போதும் ஊமச்சி பார்வையைத் தாழ்த்திக்கொள்வாள். ஆனாலும் கதை நிற்காது.

கூரைப்பூனையின் பக்கத்தில் ஒருநாள் அத்தியாயம் வரவில்லை. ஒரு அறிவிப்பு வந்தது. ‘இவ்வளவு நாளும் ஒருவர் மட்டும் வந்து படித்துப் போவது தெரிகிறது. அவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. சுவரோடு பேசுவது போல இருக்கிறது. கடைசி அத்தியாயத்தை யாருக்காகப் போடுவது? இந்த வாரக் கடைசியில் பக்கத்தை மூடிவிடுகிறேன்.’

பேருந்தில் நின்றபடி அவள் அதை இரண்டு முறை படித்தாள். அந்த ஒருவர் அவள்தான். ஒரு வரி எழுதலாம். என்னவென்று? ‘ஒருவர் இல்லை, ஒரு மேசையே கேட்கிறது’ என்றா? அந்த மேசையில் உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது என்பதையும் சேர்த்தல்லவா எழுத வேண்டும்?

எழுதாமலே வேலைக்கு வந்தாள்.

“சொல்லுடி, யாரந்த ஏழாவது ஆளு? ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல” என்று பிடித்துக்கொண்டாள் கண்ணாடியக்கா.

வேறு வழி தெரியாமல் அவளே ஒரு முடிவைச் சொன்னாள். ஏழாவதாக மூச்சு விட்டது ஒரு நல்ல ஆவி. அது ஆறு பேருக்கும் வழி காட்டியது. எல்லோரும் பத்திரமாகப் பூமிக்குத் திரும்பினார்கள்.

பெரியம்மா கத்தரியைக் கீழே வைத்தாள்.

“இது நீ சொல்ற கதை இல்லடி. வேற யாரோ சொல்ற மாதிரி இருக்கு.”

அந்த அறையில் ஊமச்சி சொந்தமாகச் சொன்னது அது ஒன்றுதான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உதடு கோணியது. பிறகு அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். கூரைப்பூனை, அடியில் இருக்கும் வரிகள், அறிவிப்பு, எல்லாம்.

“அட, இதச் சொல்றதுக்கென்ன? கதை யாருதா இருந்தா எங்களுக்கென்ன?” என்றாள் கண்ணாடியக்கா.

சிரிப்பக்கா தன் பக்கம் இழுத்து வைத்திருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊமச்சியின் கட்டின் மேல் வைத்தாள். அடுக்கி, ஓரம் தட்டி, ஒழுங்காக வைத்தாள். விசிறியடித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

சாப்பாட்டு நேரத்தில் ஊமச்சி வாசல் தட்டிலிருந்து கைப்பேசியை எடுத்து வந்தாள். பக்கம் இன்னும் மூடவில்லை. பெரியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நான் சொல்றேன், எழுது. ‘பூனையம்மா, நீ ஆம்பளையா பொம்பளையா தெரியல. நாங்க அஞ்சாறு பேரு வாராவாரம் கேக்குறோம். பாதியில விட்டுட்டுப் போனா நல்லாருக்க மாட்ட.’ கடைசி வரிய எடுத்துரு. இல்ல, இருக்கட்டும்.”

கண்ணாடியக்கா ஒரு வரி சொன்னாள். மற்ற இருவரும் ஆளுக்கொன்று. யார் சொன்னது என்று ஒவ்வொன்றோடும் ஊமச்சி சேர்த்து எழுதினாள். சிரிப்பக்கா மூலையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் கீழே ஊமச்சி தன் வரியை எழுதினாள்: ‘வாராவாரம் வந்து படித்தது நான். உங்கள் கதையை என் கதைபோலச் சொன்னேன். மன்னித்துவிடுங்கள்.’ கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள்.

மறுநாள் பதில் இருந்தது.

‘பெரியம்மாவுக்கு வணக்கம், நான் பொம்பளைதான். கேட்டவர்கள் எல்லோருக்கும் நன்றி. ஆனால் கடைசி அத்தியாயத்தை அறிவிப்பு போட்ட அன்றே கோபத்தில் அழித்துவிட்டேன். மறுபடி எழுதிப் பார்க்கிறேன். அதே மாதிரி வருமா, தெரியவில்லை. கதை சொன்ன பெண்ணுக்கு: நீங்கள் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.’

மேசையில் ஊமச்சி அதை ஒரு எழுத்து விடாமல் சொன்னாள், கடைசி வரி உட்பட. பெரியம்மா ‘ச்சே’ என்றாள். யாரைச் சொன்னாள் என்று அவள் கேட்கவில்லை.

அதன் பிறகு நாட்கள் ஓடின. அவளுடைய கட்டை அவளே வெட்டினாள். ஒருநாள் சிரிப்பக்காவின் கட்டிலிருந்து நாலைந்து சட்டையை எடுக்கக் கை நீட்டினாள். சிரிப்பக்கா கட்டைத் தன் மடிப் பக்கம் நகர்த்திக்கொண்டாள். தினமும் வேலை முடிந்து கைப்பேசியை எடுத்ததும் ஊமச்சி முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பாள். கதையின் கடைசி இடம் காலியாகவே இருக்கும்.

ஒரு மாலை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த சிரிப்பக்கா, முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

“அந்தப் பொம்பள எழுதிருச்சா?”

“இன்னும் இல்லக்கா.”

“ம்.”

“என்னாலதான்க்கா.”

“தெரியும்” என்றாள் சிரிப்பக்கா. பேருந்து நிறுத்தம் வரை இருவரும் ஒரே பாதையில்தான் நடந்தார்கள், கொஞ்சம் முன்னும் பின்னுமாக.